மானிப்பாய் மருத்துவர்

மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினா இன்றும் எழுப்பப்படுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அவ்வினாவிற்குச் செயலால் விடையளித்தவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

1822ஆம் ஆண்டு மாசாசூசெட்சு மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்த கிரீன், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், அமெரிக்க இலங்கை மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே, 1820 முதல் பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் என்பவர் மருத்துவத் தொண்டு செய்திருந்தார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இவருடைய பெயர்த்தியே. கிரீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். அங்கே மருந்தகம் ஒன்றை அமைத்ததோடு உள்ளூர் இளைஞர் சிலருக்கு மருத்துவமும் கற்பிக்கலானார். இலங்கையில் மேலை மருத்துவக் கல்வி முறையாகத் தொடங்கியது அச்சிற்றூரில்தான்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் கற்றவர்க்கே அரசுப்பணி எளிதில் வாய்த்த காலம் அது. எனவே பயின்று தேறியவர்கள் பணி நாடி வெளியிடங்களுக்குச் செல்ல முற்பட்டனர். எந்த ஊரார்க்காக அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டனரோ அவ்வூரார் மருத்துவரின்றித் தவித்தனர். இந்நிலை கிரீனை உறுத்தியது. தாய்மொழியில் கற்றவன் தன் மக்களிடையே தங்குவான், நோயாளிக்குப் புரியும் சொல்லில் நோயை விளக்குவான் என்று அவர் கருதினார். தாயகம் சென்று 1862இல் மனைவியுடன் திரும்பிய அவர், 1864இல் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கினார். மாணவர் சிலர்க்கே இது உவப்பாக இல்லை. ஆங்கிலம் தரும் வாழ்வை இழக்க அவர்கள் விரும்பவில்லை. அவர்கள் அச்சத்தையும் குறைகூற இயலாது. கிரீன் உறுதி தளரவில்லை.

நூலின்றிப் பாடம் ஏது? மகப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857இலேயே வெளிவந்திருந்தது. பின்னர் அறுவை மருத்துவத்திற்கு 'இரண வைத்தியம்', உடற்கூறியலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என நூல்கள் தொடர்ந்தன. மாணாக்கர் மொழிபெயர்ப்பர், கிரீன் திருத்துவார். கலைச்சொல் ஆக்கத்தில் அவர் ஒரு நெறி வகுத்தார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவார். கிடைக்காவிடின் வடசொல்லை நாடுவார். அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றுவார். 'கெமிஸ்தம்' அவ்வாறு பிறந்ததே. அவர் நூல்களில் வடசொற்கள் மிகுதி என்பது உண்மை. அக்காலக் கற்றோர் உரைநடையே அத்தகையது. 1875இல் கலைச்சொல் தொகுதிகளும் வெளிவந்தன.

சமயம் பரப்புவதே கிரீன் வந்த நோக்கம். அதனை அவர் மறைத்தாரில்லை. ஆயினும் தம் மாணாக்கர் மேலைநாட்டு உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே வாழ்ந்து தமிழர்க்கு மருத்துவம் செய்ய வேண்டும் என்றே வற்புறுத்தினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவராயினர்.

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிரீன் தாயகம் திரும்பினார். கடல் கடந்தும் பணி ஓயவில்லை. வூஸ்டரில் இருந்தவாறே தமிழ் நூல்களைச் செப்பனிட்டு வந்தார். இதற்கிடையே 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தோன்றியிருந்தது. அவர் சென்றபின் மானிப்பாயின் தமிழ்வழிக் கல்வியைத் தாங்குவார் இல்லை; அது நின்றுபோயிற்று. மருத்துவமனைப் பணியும் தளர்ந்தது. 1893இல் தாமஸ் ஸ்காட், மேரி ஸ்காட் என்னும் மருத்துவ இணையர் வந்து அதற்குப் புத்துயிர் ஊட்டினர். அம்மருத்துவமனை இன்று கிரீன் நினைவு மருத்துவமனை என வழங்கப்படுகிறது.

1884ஆம் ஆண்டு மே மாதம் கிரீன் மறைந்தார். மருந்துப் பொருள்கள் பற்றிய 'இந்து பதார்த்தசாரம்' அவ்வாண்டில்தான் வெளிவந்தது. வூஸ்டர் நகரில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில், அவர் தமிழர்க்குத் தொண்டாற்றிய மருத்துவ ஊழியர் என்னும் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது.