திரும்பி வந்த கதை

இங்கிலாந்தின் வடபகுதியில் ஹாவர்த் என்னும் சிற்றூரில், பாதிரியார் ஒருவரின் மகளாக வளர்ந்தவர் சார்லட் பிராண்டி அம்மையார். 1816இல் பிறந்த இவர், ஐந்து வயதில் தாயையும் ஒன்பது வயதில் தமக்கையர் இருவரையும் இழந்தார். எஞ்சிய தம்பி தங்கையருடன் சேர்ந்து, துண்டுத் தாள்களைத் தைத்துப் புத்தகமாக்கி, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் கதைகள் புனைந்தார்.

இருபது வயதில் தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேக்கு அனுப்பினார். இலக்கியம் பெண்களுக்குரிய தொழிலன்று என்னும் கருத்தில் 1837இல் மறுமொழி வந்தது. 1846இல், பெரியன்னையார் விட்டுச் சென்ற சிறு பணத்தைச் செலவிட்டுத் தங்கையர் எமிலி, ஆன் ஆகியோருடன் கவிதை நூலொன்றை வெளியிட்டார். பெண்ணென்றால் இகழ்வார்களே என்றஞ்சி மூவரும் புனைபெயர் பூண்டனர். ஓராண்டில் விற்றவை இரண்டே படிகள்!

அவ்வாண்டு ஆகஸ்டில், தந்தையாரின் கண்புரை அறுவைக்காக மான்செஸ்டர் நகருக்குச் சென்றார். மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. அறுவை நடந்த நாளன்றே, அவருடைய 'பேராசிரியர்' நாவலின் கையெழுத்துப் படி வேண்டாமென்று திரும்பி வந்து சேர்ந்தது. தந்தையார் கண்கட்டுடன் இருட்டறையில் கிடக்கிறார். மகளுக்கோ ஓயாத பல்வலி. வேறு எவராயினும் எழுதுகோலை எறிந்திருப்பர். அம்மையாரோ அவ்வாடகை விடுதியிலேயே 'ஜேன் அயர்' என்னும் புது நாவலைத் தொடங்கினார்.

பழைய நாவலையும் அவர் விடவில்லை. ஒரு பதிப்பகத்தாரின் பெயரை அடித்துவிட்டு, அதே உறைத்தாளில் அடுத்தவர் பெயரை எழுதி அனுப்புவார். எத்தனை பேர் மறுத்தனர் என்பதை அத்தாளே காட்டிக்கொடுத்தது. நம்மில் எவரும் புதுத்தாளாவது சுற்றியிருப்போம்! 1847இல் தங்கையர் இருவரின் நாவல்களை ஏற்றுக்கொண்ட பதிப்பாளரும் இவருடையதை ஒதுக்கிவிட்டார்.

இறுதியாக இலண்டனிலுள்ள ஸ்மித் எல்டர் பதிப்பகத்தார், நாவலை மறுத்தபோதிலும் அதன் நிறைகுறைகளைக் கனிவுடன் எடுத்துரைத்து, இன்னும் பெரிய நாவல் இருப்பின் கருதிப் பார்ப்பதாகத் தெரிவித்தனர். உடனே 'ஜேன் அயர்' புகைவண்டியில் சென்றது. பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் ஞாயிறு காலையில் அதைக் கையிலெடுத்தார். வெளியே செல்லவிருந்ததைக் கைவிட்டு, உறங்குமுன் படித்து முடித்தார். அக்டோபரில் நூல் வெளிவந்து நாடெங்கும் புகழ்பெற்றது.

அதன்பின்னரே, தாம் எழுத்தாளர் என்பதைத் தந்தையாரிடம் தெரிவித்தார். அன்று மாலைத் தேநீர் வேளையில், சார்லட் ஒரு நூல் எழுதியுள்ளாள், அது நன்றாகவே இருக்கிறது என்று தந்தையார் மற்ற பெண்களிடம் கூறினாராம்.

அம்மையார் 1855இல் மறைந்தார். பலமுறை திரும்பி வந்த 'பேராசிரியர்' 1857இல்தான் அச்சேறியது.