கண்ணைப் பறித்த அகராதி

ஜப்பானியர் எழுதும் எழுத்துக்களில் ஒரு வகைக்குக் 'கான்ஜி' என்று பெயர். சீனாவில் இருந்து வந்த எழுத்து அது.

மரத்துக்கு ஓர் எழுத்து. அதையே இரண்டு முறை சேர்த்து எழுதினால் தோப்பு. மூன்று முறை எழுதினால் காடு! கடல், ஏரி, நீச்சல் ஆகிய எழுத்துக்களின் இடது ஓரத்தில் மூன்று துளிகள் இருக்கும். அது தண்ணீரின் அடையாளம். இப்படி 214 அடையாளங்கள் உண்டு. அகராதியில் முதலில் அடையாளத்தைத் தேட வேண்டும். பிறகு மிச்சக் கோடுகளை எண்ண வேண்டும். உச்சரிப்பே தெரியாத எழுத்தும் அகப்பட்டுவிடும்.

இந்த முறையில் மாபெரும் அகராதி ஒன்றைத் தொகுத்தவர் மொரோஹாஷி டெட்சுஜி.

1883-ம் ஆண்டு நிகாட்டா மாநிலத்தில் பிறந்தார். சீனாவுக்குப் படிக்கப் போனார். அங்கே, சொற்களுக்குப் பொருள் தேடுவதிலேயே அவர் நேரம் கழிந்தது. நல்ல அகராதி இல்லை. ஊர் திரும்பியதும், சுசூகி இப்பெய் என்ற பதிப்பாளர் அவரைத் தேடி வந்தார். வேலை தொடங்கியது. ஒரே புத்தகமாக முடியும் என்று நினைத்தது, வளர்ந்துகொண்டே போயிற்று!

முதல் பாகம் 1943-ல் வெளிவந்தது. அப்போது யுத்த காலம்.

1945 பிப்ரவரி 25. டோக்கியோ நகரின் மீது விமானங்கள் குண்டு வீசின. அச்சுக்குத் தயாராக இருந்த ஈய எழுத்துக்கள் அத்தனையும் உருகி நாசமாயின. இருபது ஆண்டுகளை நெருங்கிய உழைப்பு!

நல்ல வேளை, பிழை திருத்தும் புரூப் தாள்களில் மூன்று பிரதிகள் வெவ்வேறு இடங்களில் பத்திரமாக இருந்தன. ஆனால், இரவு பகலாகப் பொடி எழுத்தைப் பார்த்த மொரோஹாஷிக்கு வலது கண் பார்வை போய்விட்டது. இடது கண்ணும் மங்கியது. வயதோ அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் விடவில்லை.

பதிப்பாளரும் விடவில்லை. அவருடைய மூத்த மகன் மருத்துவப் படிப்பை நிறுத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தார். இஷீ மோகிச்சி என்பவர் சுமார் 50 ஆயிரம் எழுத்துக்களைப் புதிதாக வரைந்து கொடுத்தார். ஈயம் வேண்டாம், போட்டோ முறையில் அச்சிடலாம் என்று ஏற்பாடு.

அவற்றில் ஒன்று வேடிக்கையானது. டிராகன் என்னும் பறக்கும் நாகத்தின் எழுத்தை நான்கு முறை சேர்த்தது. மொத்தம் 64 கோடுகள்! பொருள் என்ன தெரியுமா? ஓயாமல் பேசுவது.

1955-ல் மறுபடி முதல் பாகம் வந்தது. 1960-ல், 13 பாகங்களும் முடிந்தபோது அவருக்கு வயது 76. 1965-ல் ஜப்பான் அரசு அவருக்குக் கலாசார விருது அளித்தது.

1982 டிசம்பரில், தமது 99-வது வயதில் மொரோஹாஷி காலமானார்.