கெங்கேரியிலிருந்து காவிரிக்கரைக்கு: துறவி பீட் கிரிஃபித்ஸ்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் உள்ள கெங்கேரி இன்று மாநகரின் ஒரு பகுதி. 2021 முதல் அங்கு மெட்ரோ ரயிலும் வருகிறது. 1955-ஆம் ஆண்டிலோ அது நகருக்கு வெளியே, சிற்றூர்கள் சூழ்ந்த அமைதியான இடமாக இருந்தது. அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து வந்த 48 வயதுத் துறவி ஒருவர், பெனடிக்ட் அலபாட் என்ற இந்தியத் துறவியுடன் சேர்ந்து, அங்கே ஒரு கிறிஸ்தவ மடத்தை நிறுவும் எண்ணத்துடன் குடியேறினார். அவரே பீட் கிரிஃபித்ஸ். அந்த மடம் நிலைபெறவில்லை. அவரது துறவு வாழ்க்கை புதுவழியில் திரும்பியது அந்தத் தோல்வியிலிருந்துதான்.

இங்கிலாந்தின் வால்டன்-ஆன்-தேம்ஸ் என்னும் ஊரில் 1906 டிசம்பர் 17 அன்று அவர் பிறந்தார். இயற்பெயர் ஆலன் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ். தந்தை வணிகத்தில் ஏமாற்றப்பட்டுப் பொருளை இழந்ததால், ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியிலேயே பயின்றார். பள்ளியின் இறுதி நாட்களில் ஒரு மாலைப்பொழுது தனியே உலவச் சென்றார். பறவைகளின் ஒலியும் மறையும் கதிரவனின் ஒளியும் அவருள் இனம்புரியாத ஒரு பயபக்தியை எழுப்பின. தம் தேடலின் தொடக்கமாக அந்த மாலையையே அவர் பிற்காலத்தில் கருதினார். ஆக்ஸ்போர்டில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். பின்னர் இருவரும் நண்பர்களாயினர். லூயிஸ் 1955-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலை இவருக்கே காணிக்கையாக்கினார்.

படிப்பு முடிந்ததும் 1930-இல் நண்பர்கள் இருவருடன் ஒரு கிராமத்துக் குடிலில் வாழத் தொடங்கினார். இயந்திர நாகரிகத்தை இயன்றவரை விலக்குவது, மாடுகளை வளர்த்துப் பால் விற்றுப் பிழைப்பது, நாள்தோறும் விவிலியம் படிப்பது என்பது அவர்கள் ஏற்ற நியமம். ஓராண்டு நிறைவதற்குள் அம்முயற்சி முடிந்துபோயிற்று. எனினும் அதில் விழுந்த வித்து வீணாகவில்லை. 1932-இல் அவர் பிரிங்க்னாஷ் என்னும் பெனடிக்டைன் மடத்தில் சேர்ந்து, பீட் என்ற துறவுப்பெயர் பெற்றார். 1940-இல் குருப்பட்டம் ஏற்றார்.

பெனடிக்டைன் மரபு 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கைப் பின்பற்றுவது. வழிபாடு, உடலுழைப்பு, மறைநூல் வாசிப்பு எனப் பொழுது பகுக்கப்பட்டிருக்கும். சேர்ந்த மடத்திலேயே வாழ்நாள் முழுதும் தங்குவதாகத் துறவி அங்கே விரதம் ஏற்கிறார். நம் நாட்டுப் பரிவிராஜகத் துறவியோ ஓரிடத்தில் தங்காமல் திரிபவர். ஒருவர் நிலைத்து நின்று பற்றை அறுக்கிறார். மற்றவர் நகர்ந்துகொண்டே அறுக்கிறார். கிரிஃபித்ஸின் வாழ்வில் இவ்விரண்டும் சந்தித்தன. அச்சந்திப்பு எளிதாக இருக்கவில்லை.

கெங்கேரியில் அவருக்கு உறுத்தியது தத்துவம் அன்று, கட்டிலும் நாற்காலியும்தான். மேலைநாட்டு அங்கி, காலுறை, காலணி, மெத்தை, மேசை, முள்கரண்டி ஆகிய இவையெல்லாம் இங்கிலாந்து மடத்தில் எளிய வாழ்வுக்கு உரியவை. கெங்கேரியைச் சூழ்ந்த சிற்றூர் மக்களோ தரையில் அமர்ந்து கையால் உண்டனர்; பாயில் உறங்கினர். ஏழ்மை விரதம் பூண்ட தாம் அம்மக்களிடையே செல்வராக வாழ்வதை அவர் உணர்ந்தார். கட்டடமும் உடையும் வழிபாடும் மேலைநாட்டினவாகவே இருக்கும்வரை இங்கே துறவு வேரூன்றாது என்ற முடிவுக்கு வந்தார். கெங்கேரிக்கு அப்பால் கும்பலகோட்டில் ஆசீர்வனம் என்னும் பெனடிக்டைன் மடம் இன்றும் உள்ளது. கிரிஃபித்ஸ் மட்டும் 1958-இல் அப்பகுதியை விட்டு நீங்கினார்.

கேரளத்தின் வாகமண் மலைப்பகுதியில், பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் ஆசார்யாவுடன் சேர்ந்து குரிசுமலை ஆசிரமத்தை உருவாக்கினார். அங்கே காவி உடுத்தி, வெறுங்காலுடன் நடந்து, தயானந்தர் என்ற பெயரும் ஏற்றார். வழிபாடு கேரளக் கிறிஸ்தவரின் தொன்மையான சிரிய முறையில் அமைந்தது. தொழில் மாடு வளர்ப்பு! இளமையில் விட்டுப்போன மாட்டுத்தொழுவம் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது போலும்.

1968-இல் அவர் காவிரிக்கரைக்கு வந்தார். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் பிரெஞ்சுத் துறவியர் ஜூல் மொன்ஷானினும் அபிஷிக்தானந்தரும் 1950-இல் தொடங்கிய சச்சிதானந்த ஆசிரமம், அதாவது சாந்திவனம், அங்கே இருந்தது. மொன்ஷானின் 1957-இல் மறைந்துவிட்டார். அபிஷிக்தானந்தரின் உள்ளம் இமயத்தை நாடிற்று. தோப்பும் சில குடில்களும் ஒரு சிறு கோயிலுமாக இருந்த அவ்விடத்தை, உலகின் பல நாட்டவர் தேடிவரும் ஆசிரமமாக கிரிஃபித்ஸ் வளர்த்தார். தமிழ்நாட்டுக் கோயிலைப் போன்ற அமைப்பு, ஆரத்தி, சந்தனம், குங்குமம், விவிலியத்துடன் உபநிடத வாசிப்பு, தரையில் அமர்ந்து உண்ணல் என அங்கே வாழ்வு அமைந்தது. கீதைக்கு விளக்கநூலும் அவர் எழுதினார்.

எதிர்ப்பு இரு பக்கமும் எழுந்தது. இது மறைநெறியைக் கலப்படமாக்குவது என்று கிறிஸ்தவருள் சிலர் கண்டித்தனர். காவியும் ஓங்காரமும் மதமாற்றத்திற்கான புதிய வேடமோ என்று இந்துக்கள் பலர் ஐயுற்றனர். சீதாராம் கோயல் 1988-இல் இதுகுறித்துக் கடுமையான ஒரு நூலே வெளியிட்டார். இந்த ஐயத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. காவி என்பது நம் மரபில் வெறும் உடையன்று. குருபரம்பரையின் வழியே வருவது. சந்நியாசம் எல்லாச் சமயக் குறிகளையும் கடந்த நிலை என்பது கிரிஃபித்ஸின் கொள்கை. அப்படியானால் கிறிஸ்தவர் என்ற குறியையும் கடக்க வேண்டுமே என்று கேட்டவர்களும் உண்டு. அவர் இறுதிவரை கிறிஸ்துவின் அடியாராகவே இருந்தார். அதை ஒருபோதும் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் சாந்திவனம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய கமால்டோலிப் பெனடிக்டைன் சபையுடன் இணைந்தது. 1990 ஜனவரியில் அவர் குடிலில் இருந்தபோது பக்கவாதம் தாக்கியது. உயிர் பிழைத்த பின்பு அவரது பேச்சு மாறியது. அறிவைக் காட்டிலும் அன்பையும், இறைமையின் தாய்மையையும் பற்றியே மிகுதியும் பேசினார். 1991-இல் அமெரிக்காவின் நியூ ஹார்மனி என்னும் ஊரில் ஆற்றிய உரைகளில், இனித் துறவு மதிலுக்குள் மட்டும் நிகழாது. இல்லறத்தாரும் தொழில் செய்வோரும் சிறுசிறு குழுக்களாகக் கூடித் தியானம் பயின்று வாழ்வதே வருங்காலத்தின் மடம் என்ற கருத்தை முன்வைத்தார். இளமையில் மூவர் கூடி வாழ்ந்த அந்தக் குடிலின் நினைவு அவருக்கு அப்போது வந்திருக்கக்கூடும்.

1993 மே 13 அன்று, 86-ஆம் வயதில், சாந்திவனத்தின் குடிலிலேயே அவர் உயிர் நீத்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அவர் வழிபட்ட ஆசிரமக் கோயிலின் அருகிலேயே அவரது சமாதி உள்ளது.