கிள்ளானில் மலேரியாவை எண்ணிப் பார்த்த மருத்துவர் மால்கம் வாட்சன்: அவருடைய பட்டியல் சொல்வது என்ன?

காஜாங்கில் கேடிஎம் கோமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறினால் கிள்ளானைத் தாண்டி போர்ட் கிள்ளான் வரை போய்விடலாம். நீங்களும் போயிருப்பீர்கள். 1901-இல் அந்த ஊரின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். சதுப்பு நிலக் கரையில் புதிதாகக் கட்டிய துறைமுகம். அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்தார்கள். சில வாரங்களிலேயே வேலையாட்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். இதை மூடிவிடலாமா என்ற பேச்சே அரசுக்குள் எழுந்தது.

அந்த நேரத்தில் கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். ஸ்காட்லாந்துக்காரர், 1873-இல் பிறந்தவர், கிளாஸ்கோவில் படித்தவர். 1901 தொடக்கத்தில் கிள்ளானுக்கு வந்தபோது வயது 27. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. பல அதிகாரிகளுக்கு அது இன்னும் ஒரு புதுக் கதைதான்.

வாட்சன் கேட்டது கொஞ்சம் பணம். ஊரைச் சுற்றியுள்ள புதர்க்காட்டை வெட்டணும், சதுப்பு நீரை வடிகட்டணும், லோங்காங் தோண்டணும். பணம் கிடைத்தது, வேலையும் நடந்தது. இதுவரைக்கும் ஒரு நல்ல மருத்துவரின் கதை, அவ்வளவுதான். அவரைத் தனியாக நிறுத்துவது மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் செய்த ஒரு சின்ன வேலை. காய்ச்சலோடு வந்த ஒவ்வொருவரும் எங்கே குடியிருக்கிறார் என்று பிரித்து எழுதினார்.

மூன்று வரிசை எண்கள்

1901 முதல் 1905 வரை, மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை இது.

கிள்ளான் நகரம்: 334, 129, 48, 28, 12
போர்ட் சுவெட்டன்ஹாம்: 188, 70, 21, 4, 11
வட்டாரத்தின் மற்ற பகுதிகள்: 197, 204, 150, 266, 353

முதல் இரண்டு வரிசைகளை மட்டும் பார்த்தால் 522 பேர் 23 பேராகக் குறைந்திருக்கிறார்கள். சரி, வடிகால்தான் காரணம் என்று சொல்லிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்க. அந்த ஆண்டுகளில் மழை குறைந்திருக்கலாம். கொய்னா மாத்திரை அதிகம் கொடுத்திருக்கலாம். பயந்துபோய் ஜனங்கள் ஊரைவிட்டே ஓடியிருக்கலாம். இரண்டு விஷயங்கள் ஒன்றாக நகர்வதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று புள்ளியியல் வகுப்பில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது வரிசையின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. அதே வட்டாரம், அதே மழை, அதே மருத்துவமனை, அதே மருத்துவர். வடிகால் மட்டும் இல்லை. அங்கே எண்ணிக்கை 197-இலிருந்து 353-க்கு ஏறியிருக்கிறது. மழை குறைந்ததுதான் காரணம் என்றால் இந்த வரிசையும் இறங்கியிருக்கணும் இல்லையா?

போனில் கால்குலேட்டர் இருந்தால் ஆண்டுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள கோரிலேஷனை, அதாவது ஒட்டுறவுக் கெழுவை, நீங்களே போட்டுப் பாருங்கள். கிள்ளானுக்கு ஏறக்குறைய −0.89 வரும். மற்ற பகுதிகளுக்கு +0.76. காலம் ஒன்றுதான், திசை நேர் எதிர். கிள்ளானுக்கு −1 வராததற்குக் காரணம், அந்தக் கெழு நேர்கோட்டை மட்டுமே அளக்கிறது. இங்கே முதல் ஆண்டிலேயே பெரிய சரிவு, அப்புறம் மெதுவான இறக்கம். வரைபடம் போட்டால் கோடு வளையும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வரைபடத்தைப் பார்க்காமல் விடுவது இன்றும் பலர் செய்யும் தவறு.

வாட்சன் இந்தக் கெழுவைப் போடவில்லை. பட்டியலை வரிசைக்கு வரிசை வைத்து ஒப்பிட்டார், அது போதுமானதாக இருந்தது.

ஒரு குறையையும் சொல்லியாகணும். இவை விகிதங்கள் இல்லை, வெறும் எண்ணிக்கைகள். ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மற்ற பகுதிகளில் நோயாளிகள் கூடியதில் ஒரு பங்கு, அங்கே ஆட்களே கூடியதால் வந்திருக்கலாம். ஆனால் கிள்ளான் நகரமும் அப்போது வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆள் கூடியும் நோய் குறைந்தது என்றால் அந்தச் சரிவு பட்டியல் காட்டுவதைவிடப் பெரியது. போர்ட் சுவெட்டன்ஹாமில் 4 மறுபடி 11 ஆனதைப் பார்த்துப் பதற வேண்டாம். சின்ன எண்கள் அப்படித்தான் ஆடும்.

இறப்புகளும் இதையே சொல்கின்றன. கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர், அடுத்த ஆண்டே 59 பேர்.

மேட்டுநிலத்தில் தலைகீழ்

பின்னர் வாட்சன் அரசு வேலையை விட்டு, தோட்டங்களுக்கு மருத்துவரானார். அவருக்குச் சம்பளம் கொடுத்த தோட்ட முதலாளிகளுக்கு ஆள் செத்தால் வேலை நின்றுபோகும், நஷ்டம் வரும். அந்தக் கணக்கும் இதில் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. லயத்தில் படுத்துக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஆட்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். திரும்பத் திரும்ப மலேரியா வந்த குழந்தைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும், கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதுதான் அந்தத் தோட்டத்தின் அளவுகோல். கவனியுங்கள், இந்த முறை விகிதம்.

கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை அழித்து நீரை வடித்தால் வீக்க விகிதம் இறங்கியது. அதே வேலையை சீபீல்ட் போன்ற மேட்டுநிலத் தோட்டங்களில் செய்தால் நோய் இறங்கவில்லை. காடு அழிந்த பள்ளத்தாக்குகளில் ஏறவும் செய்தது. எல்லாத் தோட்டங்களையும் ஒரே மூட்டையில் கட்டி சராசரி எடுத்திருந்தால், காடழிப்புக்கும் மலேரியாவுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று தோன்றியிருக்கும். உண்மையில் இரண்டு வலுவான தொடர்புகள் எதிரெதிர்த் திசையில் இருந்தன.

இடையில் மறைந்திருந்தது கொசுவின் இனம். சமவெளியில் நோய் பரப்பிய அனாபிலஸ் அம்புரோசஸ், நிழல் விழும் தேங்கிய நீரில் முட்டையிடும். வெயில் பட்டால் அதற்கு இடமில்லை. மேட்டுநிலத்து அனாபிலஸ் மாக்குலாட்டஸ் நேர்மாறு. வெயில் படும் தெளிந்த சிற்றோடைதான் அதற்குச் சொர்க்கம். காட்டை வெட்டியதும் அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆனது. காஜாங்கிலிருந்து உலு லங்காட் பக்கம் ஏறிப் போனால் இப்படிப்பட்ட ஓடைகளை நீங்களே பார்க்கலாம்.

கிள்ளானில் வெற்றி பெற்ற மனிதர், தன் மருந்து மேட்டில் பலிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு வேறு வழி தேடினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோனார். அதற்குச் செலவு அதிகம். பிறகு நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையையும் கையாண்டார். 1911-இல் வந்த அவருடைய புத்தகத்தில் பலித்ததும் பலிக்காததும் பட்டியல் பட்டியலாக இருக்கின்றன.

1924-இல் சர் பட்டம் கிடைத்தது. பின்னாளில் லண்டன் ராஸ் நிறுவனத்தில் இருந்தபடி, இன்றைய ஜாம்பியாவின் தாமிரச் சுரங்க ஊர்களில் மலேரியாவைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு வழிகாட்டினார். அங்கேயும் முதல் வேலை, எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று பார்ப்பதுதான். 1955-இல் காலமானார். அதற்குப் 17 ஆண்டுகள் கழித்து, போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆனது.