துறைமுகம் கண்ட எண்ணறிஞர்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. எழுத்தை ஓதுவிக்கும் துறையினராகிய நாம் எண்ணறிஞர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எடுத்துரைப்பது அக்கருத்துப் பற்றியே. கணிதமேதை இராமானுசன் நம் வடசென்னைக் கடற்கரையில் கணக்கெழுதி வாழ்ந்தவர் என்பதை மாணவருட் பலர் அறியார்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. 1909-இல் திருமணம் நிகழ்ந்தது. கையிலோ பட்டமும் இல்லை, பணியும் இல்லை. குறிப்பேடுகளைச் சுமந்து அலைந்தவருக்கு 1912 மார்ச் 1-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் பணி வாய்த்தது. மாத ஊதியம் 30 ரூபாய்.

அங்குத் தலைமைக் கணக்கராயிருந்த நாராயண அய்யர், முன்னர்த் திருச்சியில் கணிதம் பயிற்றுவித்தவர். தம்கீழ்ப் பணிபுரியும் இளைஞரின் ஆற்றலை உணர்ந்து, இரவுப் பொழுதில் சிலேட்டுப் பலகையுடன் உடனமர்ந்து கணக்கிட்டார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடமும் எடுத்துரைத்தார்.

அவ்வாண்டிலேயே இந்தியக் கணிதக் கழக இதழில் ஒருங்கமைச் சமன்பாடுகள் பற்றிய இராமானுசனின் குறிப்பு வெளிவந்தது. அதன் அருமையை உணர எளிய வாக்கியக் கணக்கொன்றைக் காண்போம். மூன்று அரிசி மூட்டையும் இரண்டு பருப்பு மூட்டையும் சேர்ந்து 230 கிலோ; ஓர் அரிசி மூட்டையும் இரண்டு பருப்பு மூட்டையும் சேர்ந்து 130 கிலோ. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் பருப்பு மறைந்துவிடும். இரண்டு அரிசி மூட்டை 100 கிலோ என நிற்கும். எனவே அரிசி மூட்டை 50 கிலோ, பருப்பு மூட்டை 40 கிலோ.

இராமானுசன் எடுத்துக்கொண்ட கணக்கிலோ அறியா எண்கள் பத்து. அவை இரண்டிரண்டாய் இணைந்து ஐந்து இணைகள் ஆவன. இணைதோறும் முதலெண்களைக் கூட்டினால் 2. ஒவ்வொரு முதலெண்ணையும் தன் துணையெண்ணால் பெருக்கிக் கூட்டினால் 3; துணையெண்ணின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் 16. இவ்வாறு ஒன்பதாம் அடுக்கு வரை சென்று, பத்தாம் சமன்பாடு 11595 என முடியும். இவை ஒருபடிச் சமன்பாடுகள் அல்ல. கழித்தல் முறை இங்கு நேரே பலிக்காது. இராமானுசன் பத்தையும் ஒரே பின்னக் கோவையாகத் தொகுத்தார். அதன் பகுதியிலுள்ள ஐந்து கெழுக்களும் ஐந்து ஒருபடிச் சமன்பாடுகளில் அடங்கின. பின்னர் அக்கோவையைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தபோது விடைகள் புலப்பட்டன. மைனஸ் 3/5-உம் மைனஸ் 1-உம் அவற்றுள் ஓர் இணையாம். அரியதை எளியதாக மாற்றிக் காணும் அறிவுக்கு இதனினும் சான்று வேண்டுமோ!

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் வரைந்தார். மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவி வழங்கியது. 1914 மார்ச் 17-இல், தாம் எழுத்தராயிருந்த அதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் இங்கிலாந்து சென்றார். அங்கே நண்பர் மகலனோபிஸ் இதழொன்றிலிருந்து புதிர் ஒன்றைப் படித்தார்: ஒரு தெருவில் வீடுகள் 1 முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன, ஒரு வீட்டின் இருபுறத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம், வீடுகள் 50-க்கும் 500-க்கும் இடைப்பட்டவை. 288 வீடுகளுள் 204-ஆம் வீடு என்பது விடை. காய்கறி சமைத்துக்கொண்டிருந்த இராமானுசன், இத்தகைய விடைகள் அனைத்தையும் தரும் தொடர்பின்னம் ஒன்றையே உடனே சொல்லிவிட்டார்.

1918-இல் அரசக் கழக உறுப்பினரானார். நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில் சென்னையில் மறைந்தார். 1993-இல் கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசன் அவர் பெயரால் நம் இராயபுரத்தில் அருங்காட்சியகம் நிறுவினார்.

தேர்வில் தவறியோர் எல்லாம் இராமானுசன் ஆகார். ஆயினும் தேர்வுத்தாள் ஒருவரின் முழு அளவன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அல்ஜீப்ரா என்னும் பெயரே ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி இயற்றிய நூலினின்றும் பிறந்தது. அத்துறை எவருக்கும் அயலன்று. மாணவர்கள் வாக்கியக் கணக்கைக் கண்டு அஞ்சாதிருப்பாராக! சான்றோர்களே, நம் தெருக்களிலும் பட்டறைகளிலும் அறியப்படா எண்கள் பல உள. அவற்றைக் கண்டறியும் நாராயண அய்யர்களாக நாம் விளங்க வேண்டாவோ?