ஈசினோஃபில் அணுவைக் கண்டறிந்த பவுல் எர்லிக்: குழந்தைகளின் கரப்பானும் இரத்தப் பரிசோதனையும்

தாமிரபரணிப் பாசன ஊர்களிலிருந்து தோல் அரிப்புடன் திருநெல்வேலிக்கு அழைத்து வரப்படும் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஈசினோஃபில் என்றொரு வரி காணப்படும். அதற்கு நேரே உள்ள எண் சற்று உயர்ந்திருந்தாலும், குழந்தையின் இரத்தம் கெட்டுவிட்டது என்று பெற்றோர் கலங்குவதுண்டு. மீன், முட்டை, நிலக்கடலை, கத்தரிக்காய் அனைத்தும் கரப்பான் பண்டங்கள் என ஒதுக்கப்பட்டு, வளரும் குழந்தை மாதக்கணக்கில் இரசச் சோற்றுடன் நிறுத்தப்படுகிறது. அந்த எண் எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்பதை அறிய, அவ்வணுவைக் கண்டறிந்து பெயரிட்ட மருத்துவரின் வாழ்க்கை பெரிதும் உதவும்.

சாயங்களின் மீது கொண்ட ஆர்வம்

பவுல் எர்லிக் 1854 மார்ச் 14 அன்று, அன்றைய பிரஷ்யாவின் சைலீசியா மாகாணத்தைச் சேர்ந்த ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவருடைய தாய்வழி உறவினரான கார்ல் வைகெர்ட், உடல் திசுக்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்து வந்தவர். துணிகளுக்கென ஜெர்மானிய ஆலைகள் புதிய அனிலின் சாயங்களை உருவாக்கி வந்த காலம் அது. மருத்துவ மாணவராக இருந்த எர்லிக்கின் கவனம் அச்சாயங்களின் பக்கம் திரும்பியது.

பத்தமடையில் கோரைக்குச் சாயமேற்றுவோருக்கு, ஒரு சாயம் எல்லாப் பொருளிலும் ஒரே விதமாகப் பிடிப்பதில்லை என்பது பழகிய செய்தி. ஒரு சாயம் உடலின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவது ஏன் என்பதே எர்லிக் தம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்த வினா ஆயிற்று.

1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்திற்காக அளித்த ஆய்வேட்டில், சாயமேற்றினால் குருணைகள் நிறைந்து தோன்றும் ஒரு வகை அணுவை அவர் விவரித்தார். அவை நன்கு உணவூட்டப்பட்ட அணுக்கள் என எண்ணி மாஸ்ட் செல் என்று பெயரிட்டார். பெயர் நிலைத்தது, அதற்கு அவர் கூறிய பொருள் நிலைக்கவில்லை. அக்குருணைகளில் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது. கண்ணால் கண்டது சரியாக இருந்தும், அதற்குக் கற்பித்த காரணம் தவறாகலாம் என்பதற்கு அவருடைய ஆய்வே சான்றாகிறது.

விடியலின் நிறம் ஏற்ற அணு

அதே ஆண்டில் எர்லிக் பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, வெப்பத்தால் உலர்த்தி, சாயமேற்றிப் பார்த்தார். அதுவரை ஒரே மாதிரியாகத் தோன்றிய வெள்ளணுக்கள் பல வகைகளாகப் பிரிந்து காட்சியளித்தன. ஈசின் என்னும் செந்நிறச் சாயத்தை ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்ட அணுக்களை 1879இல் விவரித்து, அவற்றுக்கு ஈசினோஃபில் எனப் பெயரிட்டார். ஈசின் என்பது விடியலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

இன்று கருவிகள் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணித் தருகின்றன. எனினும் அவ்வகைப்பாட்டின் அடித்தளம் எர்லிக்கின் சாயத் தகடுகளே.

நோயாளியாகவும் மருத்துவராகவும்

1882இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தவுடன், அக்கிருமிக்கு மேலும் தெளிவாகச் சாயமேற்றும் முறையை எர்லிக் வகுத்தார். சில ஆண்டுகளில் அவரையே காசநோய் பற்றியது. பணியை விட்டு எகிப்து சென்று ஓய்வெடுத்து, 1889இல் உடல் தேறித் திரும்பினார். பின்னர் காக் அவருக்குத் தம் நிறுவனத்தில் இடமளித்தார்.

தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் பெருமளவில் இறந்த காலத்தில், அதற்கான சீரத்தின் வலிமையை அளக்கத் திட்டமான அளவுமுறையை எர்லிக் உருவாக்கி 1897இல் வெளியிட்டார். அணுக்களின் மேற்பரப்பில் குறிப்பிட்ட பொருள்களை மட்டும் பற்றும் பிடிமானங்கள் உள்ளன என்ற கருத்தையும் முன்வைத்தார். நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு, மெச்னிகாஃப் என்பவருடன் இணைத்து அவருக்கு வழங்கப்பட்டது. 1910இல் பால்வினை நோயான சிஃபிலிஸுக்குச் சால்வர்சான் என்னும் மருந்து அவருடைய ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. 1915 ஆகஸ்ட் 20 அன்று அவர் மறைந்தார்.

ஓர் அடையாளம், பல காரணங்கள்

அடால்ஃப் இலாசரஸ் என்பவருடன் இணைந்து இரத்தசோகை குறித்து எழுதிய நூலில், ஈசினோஃபில் எண்ணிக்கை உயரும் நிலைகளை எர்லிக் வரிசைப்படுத்தினார். ஆஸ்துமா, தோல் நோய்கள், குடற்புழுக்கள் ஆகிய மூன்றும் அவ்வரிசையில் இடம்பெற்றன. ஒரே அடையாளத்திற்குப் பல காரணங்கள் உண்டு என்ற இத்தெளிவே இன்றும் பெற்றோருக்குத் தேவையானது.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஈசினோஃபில் 500க்கு மேல் இருப்பது உயர்வு எனக் கொள்ளப்படுகிறது. கரப்பான் எனப்படும் எக்சிமா உள்ள குழந்தைக்கு இது உயரலாம். வயலிலும் வாழைத் தோட்டத்திலும் வெறுங்காலுடன் நடந்து கொக்கிப்புழு தொற்றிய குழந்தைக்கும் உயரலாம். சில மருந்துகளாலும் உயரும். கடுமையான எக்சிமா இருந்தும் எண் இயல்பாக உள்ள குழந்தைகளும் உண்டு.

ஐஜிஇ பரிசோதனையும் இத்தகையதே. 1960களில் கண்டறியப்பட்ட இந்த எதிர்ப்புப் பொருள், எர்லிக் கண்ட மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் அமர்ந்து ஒவ்வாமையைத் தூண்டுகிறது. எக்சிமா உள்ளோரில் பெரும்பாலோருக்கு இது உயர்ந்திருக்கும்; ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இயல்பாகவே இருக்கும். குறிப்பிட்ட உணவுக்கு எதிரான ஐஜிஇ இரத்தத்தில் தென்படுவது, அவ்வுணவு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் கொண்டு உறுதி செய்யாது. உண்டபின் என்ன நேர்ந்தது என்ற விவரமும் அதனுடன் பொருந்த வேண்டும்.

ஜப்பானில் டார்க் என்னும் புரதத்தின் அளவைக் கொண்டு நோயின் கடுமையைக் கண்காணிக்கின்றனர். ஆயினும் எக்சிமாவை உறுதிசெய்யும் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அரிப்பின் தன்மை, தடிப்புகள் தோன்றும் இடம், வறண்ட தோல், குடும்பத்தில் ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை உள்ளதா என்பன போன்றவற்றைக் கொண்டே மருத்துவர் நோயைக் கணிக்கிறார்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

• அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் கண்டு எந்த உணவையும் நிறுத்த வேண்டாம். காரணமின்றிப் பால், முட்டை, மீன் ஆகியவற்றை விலக்கினால் குழந்தையின் வளர்ச்சி குன்றும். நெடுநாள் விலக்கிய உணவை மீண்டும் தரும்போது திடீர் ஒவ்வாமை ஏற்படவும் கூடும். மருத்துவரின் ஆலோசனையுடன் தொடங்குக.

• ஓர் உணவை உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி தோன்றினால் அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுக. மூச்சுத்திணறல் இருப்பின் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

• தேசியக் குடற்புழு நீக்க நாள்களில் வழங்கப்படும் மாத்திரையைக் குழந்தைக்குத் தவறாமல் கொடுக்கவும். வெளியே செல்லும்போது காலணி அணிவிக்கவும்.

• குளித்தவுடன் ஈரம் காயும் முன் ஈரப்பதமூட்டும் களிம்பு தடவவும். ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் கூறிய அளவிலும் நாள்களிலும் மட்டுமே பயன்படுத்தவும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்க வேண்டாம்.

• தோலில் சீழ் அல்லது வலியுடன் கூடிய கொப்புளங்கள் தோன்றினாலும், காய்ச்சல் சேர்ந்து வந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு வரவும்.

• ஈசினோஃபில் 1500க்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ, இரவில் இருமலும் இளைப்பும் சேர்ந்து வந்தாலோ, கரப்பான் என்று விட்டுவிடாமல் மேற்பரிசோதனை செய்துகொள்ளவும்.

சாயமேற்ற அணு எர்லிக்குக் காட்டியது ஓர் அடையாளத்தை மட்டுமே. அதன் காரணத்தை அவர் நோயாளியிடம் தேடினார். உங்கள் கையில் உள்ள அறிக்கையையும் குழந்தையுடன் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையைப் பார்த்த பின்னரே அந்த எண்ணின் பொருள் தெளிவாகும்.