ஆசிரியர் ஜோர்ஜ் பூல்

தொலைபேசியும் கணினியும் செய்மதியும் ஓயாது செய்தி பரிமாறும் உலகிலே நாம் வாழ்கின்றோம். இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கணிதத்தை வகுத்தவர்களுள் ஒருவர், பல்கலைக்கழகத்தில் ஒருநாளேனும் மாணவராய் இராத பள்ளிக்கூட ஆசிரியர் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

ஜோர்ஜ் பூல் 1815ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலே பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தைப்பவர். அத்தொழில் நொடித்தமையால், 16 வயதிலேயே குடும்பச் சுமை மைந்தர் தோளில் வீழ்ந்தது. டொன்காஸ்ரரில் உதவியாசிரியரான அவர், 19 வயதில் லிங்கனிலே தாமே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பகலிற் கற்பித்தார், எஞ்சிய பொழுதிலே பிரெஞ்சுக் கணித நூல்களை ஆசானின்றிப் பயின்றார். 1844இல் இலண்டன் றோயல் சங்கம் அவரது ஆராய்ச்சிக்குப் பொற்பதக்கம் வழங்கியது. 1849இல் அயர்லாந்தின் கோர்க் நகரத்துக் குயின்ஸ் கல்லூரி அவரைத் தன் முதற் கணிதப் பேராசிரியராக ஏற்றது.

சிந்தனையின் விதிகளை ஆராய்ந்த அவரது பெருநூல் 1854இல் வெளிவந்தது. ஒரு மந்தையிலே கறுத்த ஆடுகளைத் தெரிவோம். தெரிந்தவற்றுள் மீண்டும் கறுத்தவற்றைத் தெரிந்தால் முன்னிருந்தவையே எஞ்சும். அவ்வாறே, தன்னைத் தன்னாற் பெருக்கினும் மாறாத எண்கள் 0, 1 என்னும் இரண்டே. இவ்விரண்டையுங் கொண்டு அளவையியலையே அவர் அட்சரகணிதமாக்கினார்.

1864ஆம் ஆண்டின் இறுதியிலே, கொட்டும் மழையில் ஏறக்குறைய 3 மைல் நடந்து கல்லூரி சென்று, நனைந்த உடையுடனே பாடம் நடத்தினார். அதனால் நோயுற்று, டிசம்பர் 8ஆம் நாள், மனைவியாரும் ஐந்து புதல்வியரும் கலங்க, 49 வயதில் மறைந்தார். தம் கணிதம் எப்பொறியை இயக்கும் என்பதை அவர் அறிந்திலர்.

அமெரிக்காவிலே குளோட் ஷானன் என்னும் மாணவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மெய்யியல் வகுப்பிலே அக்கணிதத்தைக் கற்றார். 1937இல், தமது 21ஆம் வயதில், மின்சுற்றின் ஆளிகள் திறத்தலும் மூடுதலும் பூலின் இரு எண்களுக்கு ஒப்பானவை என ஆய்வேட்டில் நிறுவினார். இன்றைய கணினிச் சுற்றுக்கள் அவ்வழியே அமைந்தன. 1948இல் அவரே தகவற் கொள்கையை வகுத்து, சம வாய்ப்புள்ள இரண்டில் ஒன்றைத் தெரிவதைத் தகவலின் அலகாக்கி, அதனைப் ‘பிட்’ என வழங்கினார். சம வாய்ப்புள்ள எட்டில் ஒன்றைத் தெரிவிக்க மூன்று பிட் போதும்.

இலக்கணச் சூத்திரம் கற்பிக்கும்போது, இது எதற்கு உதவும் என மாணவர் வினவுவர். நாமும் விடை தெரியாது சினந்ததுண்டு. இனிச் சினவோம், பூலின் கதையைச் சொல்வோம். ஆசிரியன் விதைப்பதைத் தானே அறுவடை செய்வானென்பது நியதியன்று. விதைத்தலே அவன் கடன்.